விசைத் தாமதம் (லினக்ஸ்)

லினக்ஸ் கணினியில் விசையை அழுத்தியும் எழுத்து உடனே திரைக்கு வராமல் பிந்துவது விசைத் தாமதம். கெர்னல், லிப்இன்புட், வேலண்ட் அல்லது எக்ஸ் சேவையகம், உள்ளீட்டு முறை, செயலி எனப் பல கை மாறித்தான் எழுத்து திரையை அடைகிறது. பழுது எதிலும் இருக்கலாம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு சட்டகத்துக்கே சுமார் 17 மில்லிவிநாடி எடுக்கும். அந்த அளவு பிந்தலைப் பழுதென்று சொல்ல முடியாது.

முதல் சோதனை எளிது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, வரைகலை இல்லாத உரை முனையத்துக்குப் போய்த் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். அங்கும் பிந்தினால் கோளாறு பெரும்பாலும் வன்பொருளிலோ கெர்னலிலோதான். இல்லையேல் மேசைச் சூழலில். சற்று ஓய்ந்த பின் முதல் எழுத்து மட்டும் காணாமல் போனால் யுஎஸ்பியின் தானியங்கி உறக்கத்தைச் சந்தேகிக்கலாம். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளை வைத்திருப்போர் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை சோதிப்பது நல்லது.

பலர் கண்ணில் படாத காரணம், அணுகல் அமைப்புகளில் உள்ள 'மெதுவிசை' வசதி. இது இயங்கும்போது விசையைச் சிறிது நேரம் பிடித்திருந்தால்தான் எழுத்து விழும். க்னோம் சூழலில் விசைப்பலகை வழியே இதை இயக்க அனுமதித்திருந்தால், ஷிஃப்டை 8 விநாடி பிடித்தாலே இயங்கிவிடும். மறுபடி 8 விநாடி பிடித்தால் அணையும்.