மூதேவி என்னும் சொல்

வைகறையில் எழத் தாமதித்த மகளையும், கைதவறிப் பாத்திரத்தைப் போட்டுவிட்ட மருமகளையும் நோக்கி நம் இல்லங்களில் எளிதாக எறியப்படும் வசைச்சொல் ‘மூதேவி’ என்பதாம். அச்சொல்லின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு வியப்பே மிஞ்சும்.

மூதூர், மூதுரை, மூதாட்டி, மூதறிஞர் ஆகிய சொற்களில் முன்னிற்கும் ‘மூது’ என்பது பழமையையும் பெருமையையும் உணர்த்துவது. மூதேவி என்பதற்கும் மூத்த தேவி என்பதே பொருள். பாற்கடல் கடைந்த காலத்துத் திருமகளுக்கு முன்னே தோன்றியமையால் அவளுக்குத் தமக்கையாயினாள் என்பது புராண மரபு. தவ்வை என்னும் பழம்பெயரும் தமக்கை என்றே பொருள்படும். வடமொழி ‘ஜ்யேஷ்டா’ தமிழில் சேட்டை ஆயிற்று. குறும்பைக் குறிக்கும் சேட்டையோ ‘சேஷ்டா’ என்னும் வேறொரு வடசொல்லின் திரிபாகும்.

காக்கைக் கொடியும் கழுதை ஊர்தியும் உடைய இத்தேவி ஒருகாலத்தில் போற்றி வணங்கப் பெற்றவள். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி, கி.பி. 773-இல் திருப்பரங்குன்றத்தில் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்தார். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் இவள் திருவுருவம் உண்டு. சேட்டையிடம் செல்வம் வேண்டிக் காத்திருப்போரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் கடிகின்றார். வேண்டினோர் பலர் இருந்தமையாலன்றோ கடிய நேர்ந்தது! 10-ஆம் நூற்றாண்டுக்குப் பின் வழிபாடு தளர்ந்தது. தெய்வத்தின் பெயர் வசையாக மட்டும் எஞ்சியது.

திருவள்ளுவரும் அவளை இகழ்ச்சிப் பொருளிலேயே கூறினார். ஆயினும் 167-ஆம் குறளில் அழுக்காற்றோடும், 617-இல் சோம்பலோடும், 936-இல் சூதோடும் சார்த்தியே கூறினார். குற்றத்தைச் சுட்டினாரேயன்றிப் பெண்ணொருத்தியை அப்பெயரால் அழைத்தாரல்லர். இவ்வேறுபாடு நாம் உளங்கொள்ளத் தக்கது.

பெங்களூரில் வாழும் நம் குழந்தைகளிற் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அவர்கட்குத் தமிழ்ப்பள்ளி நம் வாய்மொழியே. சினத்தில் நாம் உதிர்ப்பதும் அவர்கட்குத் தமிழ்ப் பாடமே ஆகின்றது. தமக்கையைக் கன்னடத்தாரும் அக்க என்றே அன்புடன் விளிக்கின்றனர். மூத்தவள் என்னும் பொருளுடைய சொல்லை மூத்த மகளின்மீதே வசையாக வீசுதல் முறையோ? அன்பர்கள் இல்லந்தோறும் இதனைச் சிந்திப்பாராக.