யார் பெயரைப் போடுவது?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். "டீச்சர், மூணு வருஷம் நான் ஒருத்தியே உட்கார்ந்து செஞ்ச வேலை. கட்டுரையை இதுவரைக்கும் படிச்சுக்கூடப் பார்க்காத ஒருத்தர் பேரை முதல்ல போடச் சொல்றாங்க. போடட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்று ஓர் ஊர். அங்கே இருப்பது பெல் ஆய்வகம். நம் கையில் இருக்கும் செல்போனுக்கு ஆதிமூலமான டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. 1947 டிசம்பரில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் என்ற இருவர் ஜெர்மானியத் துண்டு ஒன்றின்மேல் தங்கத் தகட்டின் இரண்டு முனைகளை அழுத்தி வைத்தார்கள். உள்ளே போன சிறிய மின்சைகை பெரிதாகி வெளியே வந்தது. டிசம்பர் 23 அன்று மேலதிகாரிகளுக்குச் செய்து காட்டினார்கள்.

அந்தக் குழுவின் தலைவர் வில்லியம் ஷாக்லி. மின்புலத்தை வைத்துக் குறைகடத்தியைக் கட்டுப்படுத்தலாம் என்று முதலில் யோசித்தவர் அவர். ஆனால் அவருடைய கருவி வேலை செய்யவில்லை. வேலை செய்த கருவியை உருவாக்கியவர்கள் மற்ற இருவர். "அடிப்படை யோசனை என்னுடையது, காப்புரிமையை என் பெயரில் எழுதலாம்" என்பது ஷாக்லியின் நினைப்பு.

நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பழைய ஆவணங்களைத் தேடினார்கள். அதே யோசனைக்கு லிலியன்ஃபெல்ட் என்பவர் 1926இலேயே விண்ணப்பித்து, 1930இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார்! அதனால் ஷாக்லியின் யோசனையை ஒதுக்கிவிட்டு, பார்டீன், பிராட்டைன் இருவர் பெயரில் மட்டும் விண்ணப்பித்தார்கள். 1948 ஜூலையில் வந்த கட்டுரையிலும் அவர்கள் இருவர் பெயர்தான். ஆனால் பத்திரிகைகளுக்குக் கொடுத்த புகைப்படத்தைப் பாருங்கள். பிராட்டைனின் மேசையில் ஷாக்லி உட்கார்ந்திருப்பார். வேலை செய்தவர்கள் இருவரும் பின்னால் நிற்பார்கள்.

ஷாக்லி சும்மா இருந்தவர் அல்ல. மனக்கசப்போடு தனியாக உட்கார்ந்து, சில வாரங்களிலேயே சந்தி டிரான்சிஸ்டரைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். பின்னால் தொழிற்சாலைகளுக்குப் பயன்பட்டது அந்த வகைதான். 1956இல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குழு அதற்குள் உடைந்துபோயிருந்தது. பார்டீன் 1951லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒரு பெயர்ப் பட்டியல் எவ்வளவு செய்யும் பாருங்கள்.

இப்போது அதே ஆய்வகத்தில் அரை நூற்றாண்டு கழித்து நடந்த கதைக்கு வருகிறேன்.

2000ஆம் ஆண்டு, மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக்குக்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிலிக்கானுக்குப் பதிலாகக் கரிமப் பொருள்களில் மின்னணுக் கருவி செய்யலாம் என்று உலகமே பரபரப்பாக இருந்த நேரம். பெல் ஆய்வகத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். வயது முப்பதுதான். கிறிஸ்டியன் க்ளோக் என்பவர் நல்ல கரிமப் படிகங்களை வளர்த்துக் கொடுப்பார். பெர்ட்ராம் பாட்லாக் மூத்த விஞ்ஞானி, குழுத் தலைவர். படிகத்தின்மேல் மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலம் பூசி, மின்னழுத்தம் கொடுத்து அளப்பது ஷோனின் வேலை.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. கரிமப் படிகத்தில் மீக்கடத்தல், லேசர், கடைசியில் மூலக்கூறு அளவிலேயே ஒரு டிரான்சிஸ்டர். 2001இல் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு கட்டுரையில் அவர் பெயர் இருந்தது! நேச்சர், சயின்ஸ் போன்ற பெரிய இதழ்களிலேயே அடுத்தடுத்து வந்தன. பரிசுகளும் குவிந்தன. மற்ற ஆய்வகங்கள் அவரை மேற்கோள் காட்டி, அதேபோலச் செய்து பார்க்கப் பணமும் நேரமும் கொட்டின. ஒருவருக்கும் வரவில்லை. மற்றவர்கள் பூசிய படலம் அந்த மின்னழுத்தம் வருவதற்கு முன்பே பழுதாகிவிடும். ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு கருவியில் பூசினால்தான் நன்றாக வருகிறது என்றார் ஷோன்.

மேற்கோள் என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையை எழுதுகிறவர், தான் எந்தெந்தக் கட்டுரைகளைப் பயன்படுத்தினார் என்று கடைசியில் குறிப்பார். அதைத் திருப்பிப் போட்டு, ஒரு கட்டுரையை யார் யாரெல்லாம் பின்னால் குறிப்பிட்டார்கள் என்று பட்டியலிடலாம் என 1955இல் யூஜின் கார்ஃபீல்ட் எழுதினார். பழைய தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் ஏற்றனவா, மறுத்தனவா என்று வழக்கறிஞர்கள் பார்ப்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதுதான் அவருக்கு மாதிரி. ஒரு கட்டுரைமேல் வந்த விமர்சனம் வாசகன் கண்ணில் படவேண்டும், தவறான தகவலை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துச் சொல்வது நிற்கவேண்டும் என்பது அவர் சொன்ன நோக்கங்களில் ஒன்று. 1964இல் பட்டியல் வெளிவந்தது. நாளடைவில் அது ஆளை அளக்கும் மார்க் ஷீட் ஆகிவிட்டது. ஆனால் பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஓர் எண்ணிக்கை, "செய்து பார்த்தோம், வரவில்லை" என்று எழுதினாலும் ஓர் எண்ணிக்கை. எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஷோன் எப்படிப் பிடிபட்டார்? இதை ஆசிரியர்கள் ரசிப்பீர்கள். இரண்டு விடைத்தாளில் சரியான விடை ஒன்றாக இருந்தால் நாம் சந்தேகப்பட மாட்டோம். தப்பு ஒன்றாக இருந்தால்தான் பிடிப்போம். எந்த அளவீட்டிலும் வரைபடக் கோடு லேசாக நடுங்கும். அது தற்செயலானது, இரண்டு முறை ஒரேமாதிரி வராது. வெவ்வேறு சோதனைகள் என்று வெளியிட்ட இரண்டு வரைபடங்களில் அந்த நடுக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருந்ததை 2002 வசந்த காலத்தில் லிடியா சோன் என்ற பெண் விஞ்ஞானி கவனித்தார். பால் மெக்யூவன் மேலும் தேடினார், மேலும் கிடைத்தன. தவறுதலாகப் படம் மாறிவிட்டது என்றார் ஷோன். அத்தனை படமுமா மாறும்?

ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் மால்கம் பீஸ்லி தலைமையில் ஐவர் குழு அமைந்தது. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் குரோமரும் நம் சுப்ரியோ தத்தாவும் அதில் இருந்தார்கள். முறையான ஆய்வேடு இல்லை. மூலத் தரவுகளைக் கணினியில் இடமில்லை என்று அழித்துவிட்டாராம். கருவிகள் பழுதாகிவிட்டன அல்லது தூக்கிப் போட்டாயிற்று. சில வரைபடங்கள் அளந்து வந்தவையே அல்ல, சூத்திரத்தில் போட்டு வரைந்தவை. 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியாயின. செப்டம்பரில் வேலை போயிற்று. சயின்ஸ் இதழில் எட்டு, நேச்சரில் ஏழு என்று கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2004இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் அவருடைய முனைவர் பட்டத்தையும் பறித்தது.

என் மாணவியின் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. அந்தக் கட்டுரைகளில் ஷோன் பெயர் மட்டுமா இருந்தது? கூட எழுதியவர்கள் எல்லோரும் மோசடியில் பங்கில்லாதவர்கள் என்றது குழு. ஆனால் மூத்தவரான பாட்லாக் போதுமான அளவு கேள்வி கேட்டாரா என்ற இடத்தில் தயங்கி நின்றது. கூட்டாசிரியரின் பொறுப்பு எதுவரை என்று அறிவியல் உலகிலேயே ஒருமித்த கருத்து இல்லாததால் தாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை என்று எழுதினார்கள். அந்த ஆண்டே அமெரிக்க இயற்பியல் கழகம் தன் நெறிமுறையைத் திருத்தியது. பெயர் போட்ட ஒவ்வொருவருக்கும் கட்டுரையில் ஓரளவேனும் பொறுப்பு உண்டு என்று எழுதிவைத்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன்னால் ஓர் அறிவியல் கண்காட்சிக்கு என் வகுப்புப் பையன் ஒருவன் மழைமானி செய்து, முப்பது நாள் அளவு எழுதிக் கொண்டுவந்தான். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே மை. சொட்டு மழை பெய்யாத வாரத்துக்கும் அளவு இருந்தது. பார்த்தேன், தெரிந்தது. ஆனாலும் "வழிகாட்டி ஆசிரியர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பரிசும் வந்தது, மேடையில் என் பெயரையும் வாசித்தார்கள். தம்பி, நீ இதைப் படித்தால், தப்பு உன்னுடையது அல்லப்பா. நீ சிறுவன். கேட்டிருக்க வேண்டியவள் நான்.

ஆகவே மகளே, உனக்கு நான் சொல்வது இதுதான். பெயர் என்பது மரியாதைக்குக் கொடுக்கும் மாலை அல்ல, நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன் என்ற கையெழுத்து. அவரிடம் மரியாதையாகவே போய், "ஐயா, மூலத் தரவு இது, கணக்கு இது. படித்துப் பார்த்து, தப்பிருந்தால் திருத்துங்கள்" என்று கேள். உட்கார்ந்து படித்து உழைத்தால் அவர் பெயரும் ஓர் இடத்தில் இருக்கட்டும். முதல் இடம் உன்னுடையது. படிக்கவே மாட்டேன் என்றால், நன்றி சொல்லும் பகுதி எதற்கு இருக்கிறது? இப்படிக் கேட்பதால் உனக்குச் சங்கடம் வரலாம், பட்டம் தள்ளிப்போகலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் முடிவு உன்னுடையது. எது நடந்தாலும் ஆய்வேட்டைத் தேதி போட்டு எழுது, மூலத் தரவை அழிக்காதே.

ஷோனோடு கரிமப் பொருள்கள் செத்துப்போகவில்லை. நேர்மையாக அளந்தவர்கள் தொடர்ந்து வேலை செய்தார்கள். நீங்கள் இதைப் படிக்கும் போனில் ஓஎல்இடி திரை இருந்தால், அந்த வெளிச்சம் கரிமப் பொருளிலிருந்துதான் வருகிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்