ஏஞ்சல் தீவு: பேச விடாத இடத்தில் பேசியவர்கள்

ஒரு தடுப்பு முகாமைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேர், எத்தனை நாள், என்ன சட்டம் என்று கேட்கிறோம். இன்னொரு கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். அங்கே யார் யாரிடம் பேச முடிந்தது? அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவின் வரலாறு இந்தக் கேள்விக்கு நல்ல பாடம்.

1910 முதல் 1940 வரை அங்கே குடிவரவு நிலையம் இயங்கியது. பசிபிக் கடலைத் தாண்டி வந்த பல நாட்டினரும் அங்கே நிறுத்தப்பட்டார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1869இல் முடிந்த கண்டம் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவர்கள் பெரும்பாலும் சீனக் கூலிகளே. பாதை முடிந்த 13 ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம் வந்தது. வணிகருக்கும் மாணவருக்கும் அதில் விலக்கு இருந்தது. உழைக்கிறவருக்குத்தான் கதவு சாத்தப்பட்டது.

1906 நிலநடுக்கத்தையொட்டி எழுந்த தீயில் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோயின. அதன்பின் பல சீனர்கள் தாங்கள் அங்கேயே பிறந்தவர்கள் என்று குடியுரிமை கோரினார்கள். குடிமகனின் பிள்ளைக்கு உள்ளே வர உரிமை உண்டு. ஆகவே வேறொருவரின் பிள்ளை என்று காகிதம் வாங்கி வந்தவர்களும் இருந்தார்கள். ‘காகித மகன்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நேர்வழியை அடைத்த பிறகு மக்கள் கண்டுபிடித்த வழி அது. நிலையமோ வந்திறங்கிய சீனர் எல்லோரையும் பொய்யர் என்று முடிவுகட்டியே விசாரித்தது.

அதிகாரிகள், சுருக்கெழுத்தர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் முன்னால் கேள்விகள் தொடங்கும். உன் வீட்டு வாசலில் எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? உங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் இருப்பது யார்? தந்தையிடமும் தனியே இவையே கேட்கப்படும். பதில்கள் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். சொந்த வீட்டின் படிகளை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்? அதனால் பெற்ற பிள்ளைகளும்கூட பதில்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

விசாரணை முடியும்வரை உறவினரைப் பார்க்க முடியாது. கடிதங்களும் பொட்டலங்களும் பிரித்துப் பார்க்கப்பட்டன. நிலையம் கேட்கும், அடைபட்டவர் பதில் சொல்வார். அவ்வளவுதான் அங்கே அனுமதிக்கப்பட்ட பேச்சு.

ஆனால் சமையலறையில் வேலை செய்தவர்களும் சீனர்கள். விடுமுறை நாளில் நகரத்துக்குப் போகும்போது, உறவினர்கள் கடைகளில் கொடுத்து வைத்திருந்த குறிப்புகளை வாங்கி வந்து சாப்பாட்டு நேரத்தில் இரகசியமாகக் கைமாற்றினார்கள். 1922இல் அடைபட்ட ஆண்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். குறிப்பு உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டதும், குறைகளை நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னதும் அந்தச் சங்கம்தான்.

இன்னொரு வழி, சுவர். கோபம், ஏக்கம், கடன், அவமானம் எல்லாவற்றையும் சீன மொழியில் கவிதைகளாக மரச்சுவரில் செதுக்கினார்கள். நிர்வாகம் அதைக் கிறுக்கல் என்று பூசி மறைத்தது. 1970இல் கட்டடம் இடிபடவிருந்த நேரத்தில் ஒரு பூங்காக் காவலர் அந்த எழுத்துகளைக் கவனித்தார். ஆசிய அமெரிக்க மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் போராடிக் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். 200க்கும் மேற்பட்ட கவிதைகள் மீட்கப்பட்டுள்ளன.

பெண்களும் சுவரில் எழுதியிருந்ததாக அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஆனால் ஆண்களின் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. அவர்கள் தங்கியிருந்த கட்டடம் 1940 ஆகஸ்டில் எரிந்து போனது. அவர்கள் எழுதியதில் ஒரு வரிகூட அந்தச் சுவர்களில் இன்று இல்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றுக்குள்ளும் யாருடைய குரல் முதலில் தொலைகிறது என்று நாம் யோசிக்க வேண்டிய இடம் இது.

விசாரணைக் கோப்புகள் இன்றும் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வாசலில் எத்தனை படி என்பதற்கான பதில் அதில் கிடைக்கும். அந்தப் பதிலைச் சொன்னவர் என்ன பாடுபட்டார் என்பது கிடைக்காது. அதற்குச் சுவரைத்தான் படிக்க வேண்டும். தோழர்களே, நாளை எந்த முகாமின் கோப்பு நம் கைக்கு வந்தாலும் அதை முழுதாகப் படிப்போம். படித்து முடித்ததும், அங்கே சுவர் எங்கே இருந்தது என்று தேடிப் போவோம்.