மனநலச் சிகிச்சை முறையீடு (இந்தியா)

மனநலச் சிகிச்சையிலோ மருந்து எழுதித் தந்ததிலோ குறை கண்ட நோயாளி அதை எடுத்துச்சொல்லித் தீர்வு கேட்கும் சட்டவழி. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 28ஆம் பிரிவு இதை உரிமையாக்கியது. சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். நோயாளியின் குறையைக் கேட்க வெளியாள் ஒருவர் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சாம்பலே போதிய காரணம்.

படிகள் மூன்று. முதலில் மனநல நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதன்பின் மாநில மனநல ஆணையம். நோயாளி தமக்கென நியமித்த பிரதிநிதியும் முறையிடலாம். நீதிமன்றம் செல்லும் உரிமை இதனால் பறிபோவதில்லை. வாரியத்தில் மருத்துவர்களோடு, மனநோய் உள்ளவர்களுக்கோ அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ இடமுண்டு. சட்டத்தின் ஆகச்சிறந்த ஏற்பாடு இதுவே எனலாம்.

ஆனால் இந்தப் படிகள் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களுக்கானவை. மாதமொருமுறை கிளினிக்குக்கு வந்து மாத்திரை வாங்கிப்போகிறவர் இதில் நேராக வரமாட்டார். அவருக்கு மாநில மருத்துவக் கவுன்சிலும் நுகர்வோர் ஆணையமும்தான் வழி. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அரசு மருத்துவமனையில் இலவச ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்பவருக்கு வழி இன்னும் குறுகியது.

"தப்பான மருந்து கொடுத்துவிட்டார்" என்பது அடிக்கடி கேட்கும் புகார். நிரூபிக்கக் கடினமானதும் இதுவே. ஒரே நோய்க்கு இரு மருத்துவர்கள் வேறு வேறு மருந்து எழுதுவது இயல்பு. பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று ஏற்கும் முறையைப் பின்பற்றியிருந்தால் அலட்சியம் ஆகாது என்னும் அளவுகோலை, 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த அளவுகோல் பிறந்ததே ஒரு மனநல நோயாளியின் வழக்கில்தான். லண்டன் ஃப்ரையர்ன் மருத்துவமனையில் ஜான் போலம் என்பவருக்குத் தசைத் தளர்வு மருந்து தராமல் மின்னதிர்வுச் சிகிச்சை கொடுத்தார்கள். வலிப்பில் அவருடைய இரு இடுப்புக் குழிகளும் முறிந்தன. அன்றைய மருத்துவர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள் என்பதால் 1957-இல் அவர் தோற்றார். அவர் எதிர்த்து வழக்காடித் தோற்ற அதே செயல், அதாவது தசைத் தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இல்லாத மின்னதிர்வு, இன்று இந்தியாவில் 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டது. சட்டம் எழுதப்படாத இடங்களில் மட்டும் அவரைத் தோற்கடித்த அளவுகோல் இங்கே நின்றாடுகிறது.

ஆகவே மருந்தின் தேர்வைவிட, அதைத் தந்த விதம் பற்றிய முறையீடே வலுவானது. லித்தியம் எடுப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு இயக்கத்தையும் இடைவெளிவிட்டுச் சோதிக்க வேண்டும். குளோசபினுக்கு வெள்ளணு எண்ணிக்கை பார்க்காமல் தீராது. இச்சோதனைகள் சீட்டில் இல்லையென்றால் அது கண்ணுக்குத் தெரியும் குறை. ஒலான்சபினால் உடல் எடை ஏறும் என்பதை யாருமே சொல்லவில்லை என்ற புகாருக்கும் நிலைய நோயாளிகள் விஷயத்தில் சட்ட பலம் உண்டு: சிகிச்சைத் திட்டத்தையும் தெரிந்த பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. "நான் டாக்டரா நீங்க டாக்டரா" என்ற பதில் இப்பிரிவுக்கு முன் செல்லாது.

மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை 25ஆம் பிரிவில் உள்ளது. நோயாளிக்குக் கடும் மனத் தீங்கோ பிறருக்கு ஆபத்தோ விளையும் என்று கருதினால் குறிப்பிட்ட தகவலை மட்டும் மருத்துவர் நிறுத்திவைக்கலாம். அப்போதும் வாரியத்தை அணுகலாம் என்பதை அவர் சொல்லியாக வேண்டும். மனநோயாளி சொல்வதை "நோய் பேசுகிறது" என்று ஒதுக்கும் பழக்கம் வார்டிலும் வீட்டிலும் இருப்பதால், முறையீட்டின் உயிர் இப்பதிவேட்டில்தான் உள்ளது.

வாரியத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை; இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 27ஆம் பிரிவில் இருக்கிறது. வாரியத்தின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். முறையீடு நடக்கும் காலத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது: லித்தியம் போன்றவற்றைத் திடீரென விட்டால் நோய் திரும்பும் அபாயம் உண்டு. மருந்தை மாற்றுவதென்றால் இன்னொரு மனநல மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.