பத்திரம் எடுத்தனீங்களோ?

காணாமலாக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போய் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தால் ஒரு பதில் வரும். அதை அணைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று வரும். முதலாவது பொய் என்று நான் சொல்லவரவில்லை. “பத்திரம் எடுத்தனீங்களோ?” என்ற கேள்விக்கு மைக் முன்னால் ஒரு கருத்தும், அடுப்படியில் நாலு கருத்தும் இருக்கின்றன. எங்கள் செய்திகளில் பெரும்பாலும் முதலாவதுதான் வருகிறது. என்னுடைய செய்திகளும் அப்படித்தான் இருந்தன.

பத்திரம் என்று சனம் பொதுவாகச் சொன்னாலும் அது இரண்டு வேறு கடதாசிகளைக் குறிக்கும். ஒன்று மரணப் பத்திரம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புகளைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, யுத்தம் அல்லது கலவரம் காரணமாக ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாமல் போனவரை இறந்தவராகப் பதியலாம். வேறு வழி இல்லாத காலத்தில் சில குடும்பங்கள் இதை எடுத்தன. மற்றது, அந்தச் சட்டத்துக்கு 2016இல் 16ஆம் இலக்கச் சட்டத்தால் செய்யப்பட்ட திருத்தத்தோடு வந்த காணாமற்போனமைக்கான சான்றிதழ். அது ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை; இருக்கிற இடம் தெரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. சமூக நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும், பிள்ளைகளின் அலுவல்களைப் பார்க்கவும், அவர் பெயரில் உள்ள சொத்தைப் பராமரிப்பதற்கான நடவடிக்கைகளை எடுக்கவும் அதைப் பயன்படுத்தலாம். வழங்குபவர் பதிவாளர் நாயகம். ஆணைக்குழுக்களின் அறிக்கைகளையும் காணாமற்போனோர் அலுவலகத்தின் அறிக்கையையும் ஆதாரமாகக் காட்டலாம்.

இந்த வேறுபாடு ஊருக்குள் போய்ச் சேரவில்லை. சேராததால் வீடுகளே பிரிந்து நிற்கின்றன.

வன்னியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமியும் மருமகளும் இருக்கிறார்கள். மருமகளின் கணவர் 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கமாக இராணுவத்திடம் சரணடைந்தவர். காணி அனுமதிப்பத்திரம் அவருடைய பெயரில். வங்கிப் புத்தகமும் அவருடைய பெயரில். “அவர் வந்து கையெழுத்து வைக்கட்டும் எண்டால் நான் எங்க போறது பிள்ளை? ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்” என்றா மருமகள். அவ சான்றிதழை எடுத்தா. மாமி ஒரு மாதம் அவவோடு கதைக்கவில்லை. “என்ர பிள்ளை செத்தவனெண்டு எழுதிக் குடுத்திட்டாள்” என்று அயலுக்குள் சொல்லித் திரிந்தா. கனடாவில் இருக்கிற மூத்த மகன் போனில், எதையும் எடுக்க வேண்டாம், எடுத்தால் சர்வதேசத்தில் வழக்கு நிற்காது என்று சொன்னாராம். அவர் சொன்னது சட்டப்படி சரியில்லை. சான்றிதழ் எடுத்ததால் தேடும் உரிமையும் போகாது, முறைப்பாடும் செத்துப்போகாது. வலிந்து காணாமலாக்குவதைக் குற்றமாக்கிய 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கதவும் அதனால் மூடப்படாது.

ஆனால் மாமியின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐக்கிய நாடுகளின் பிரதிநிதியிடம் சொன்னார். விசாரணைகளுக்குப் பிறகு மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் சொன்னார். எப்படி இறந்தார்கள், யாரிடம் இருக்கும்போது இறந்தார்கள் என்று சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2018 பெப்ரவரியில்தான் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அதன் கண்டறிதல்கள் எவர்மீதும் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ ஏற்படுத்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கலாம், அவ்வளவுதான். “அப்ப என்னத்துக்கு அந்த ஒப்பீஸ்?” என்று ஒரு ஓட்டோக்காரர் என்னிடம் கேட்டார். அவருடைய தம்பியும் திரும்பி வரவில்லை.

காசுக் கதை இன்னும் சிக்கல். சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா என்று 2019 வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். 2022 மார்ச்சில் அமைச்சரவை ஒரே தடவையில் 100,000 ரூபா கொடுக்கத் தீர்மானித்தது. போராடும் தாய்மார் அதைப் பகிரங்கமாக நிராகரித்தார்கள். “ஒரு லட்சத்துக்கு இப்ப என்ன வாங்கலாம்? ஒரு நல்ல மாடு வாங்க ஏலாது” என்றார் முல்லைத்தீவில் ஒரு ஐயா. அதே ஐயா கொஞ்ச நேரம் கழித்து, காசை வாங்கினவர்களைக் குறை சொல்லக்கூடாது, அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத்தான் தெரியும் என்றார். இரண்டையும் அவர் மனதார நம்பித்தான் சொன்னார்.

ஒரு பெண் பொட்டு வைக்கலாமா என்பது சட்டத்தில் இல்லாத கேள்வி. கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுகிறார்களா, கூப்பிடாமல் விடுகிறார்களா என்பதில் ஊர் தன்னுடைய தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. பொட்டோடு போனால் ஒரு கதை, பொட்டில்லாமல் போனால் இன்னொரு கதை. இன்னொருவரைக் கல்யாணம் செய்த ஒருத்தியைப் பற்றி, அவவைப் போலவே கணவனைத் தேடும் பெண்களே மிகக் கடுமையாகப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அதை நான் இதுவரை எழுதியதில்லை.

இன்னும் மெல்லிய குரலில் சொல்லப்படுவது ஒன்று உண்டு. கடைசி மாதங்களில் இயக்கம் கட்டாயமாகக் கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மார், மேடையில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வீட்டில் இரண்டு பக்கத்தையும் சொல்கிறார்கள். 1990இல் கிழக்கில் காணாமற்போன முஸ்லிம்களின் குடும்பங்களும், 1987-89இல் தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரும், திரும்பி வராத இராணுவத்தினரின் பெற்றோரும் அதே அலுவலகத்துக்குத்தான் முறையிடலாம். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர், அவர்களும் தாய்தானே என்பார்கள். ஒரே வீட்டிலேயே இரண்டும் நடக்கும்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தொடங்கி, எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிய பிறகு பேச்சு மாறியது. அதுவரை “இருக்கிறான்” என்று மட்டுமே சொன்ன ஒருவர், மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் எங்கே கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அவருடைய மனைவி எழுந்து உள்ளே போய்விட்டா.

அந்த மாமியிடம் போன மாதம் போயிருந்தேன். சான்றிதழைப் பிளாஸ்ரிக் பையிலிருந்து எடுத்து, கண்ணாடி இல்லை, வாசி பிள்ளை என்றா. எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

“செத்ததெண்டு ஒரு இடத்திலையும் இல்லையோ?”

“இல்லை அம்மா.”

“மற்றப் பக்கத்தையும் பார்.”

மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவ நம்பினவவா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த போராட்ட நாளுக்கு, 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிப் போராட்டம் தொடங்கிய அதே கந்தசுவாமி கோயிலடிக்கு, மகனின் படத்தோடு பஸ் ஏறினா. பஸ் காசு கொடுத்தது மருமகள்.