லூசீன் 2.9: வெளியீட்டுக்கு முன் திருத்தப்பட்ட இடைமுகம்

லூசீன் என்பது உரைத் தொகுப்புகளில் சொற்களைத் தேட உதவும் கட்டற்ற மென்பொருள் நூலகம் ஆகும். 1990களின் இறுதியில் டக் கட்டிங் இதை ஜாவா மொழியில் எழுதினார். 2001இல் இது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் வந்தது. சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய தேடல் மென்பொருள்கள் இதன்மேல் கட்டப்பட்டவையே.

தேடலுக்கு முன் உரையைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும். "மாணவர்கள் பள்ளிக்குச் சென்றனர்" என்பது மூன்று சொற்களாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொரு சொல்லையும் டோக்கன் என்பர். அந்தச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் உடன் குறிக்கப்படும். இதுவே உரைப் பகுப்பாய்வு. தம் மொழிக்கேற்ற வடிகட்டியை எவரும் எழுதி லூசீனுடன் இணைக்கலாம். அவ்வாறு இணைக்கும் இடமே பொது இடைமுகம். இது வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துளையைப் போன்றது. சுவருக்குள் ஓடும் கம்பியை மாற்றினால் யாருக்கும் தெரியாது. துளையின் வடிவத்தை மாற்றினாலோ எல்லாச் சாதனங்களும் நின்றுவிடும்.

தொடக்கத்தில் 'நெக்ஸ்ட்' என்ற செயற்கூறு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டோக்கன் பொருளைத் தந்தது. சொல்தோறும் புதுப் பொருள் உருவானதால் வேகம் குறைந்தது. எனவே 2008இல் வந்த 2.3 பதிப்பு, ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழி செய்தது. ஆயினும் டோக்கனில் இருந்த புலங்கள் நிலையானவை. புதிய தகவல் ஒன்றைச் சேர்க்க அது இடம் தரவில்லை.

2.9 பதிப்பில் 'இன்கிரிமென்ட்டோக்கன்' என்ற புதிய செயற்கூறு வந்தது. சொல்லின் வடிவம், இடம், வகை ஆகியவை தனித்தனிப் பண்புகளாயின. வடிகட்டி தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுப் பெறலாம்.

இந்தப் புதிய வடிவமும் ஒரே முயற்சியில் அமைந்துவிடவில்லை. முதலில் பழைய முறையா புதிய முறையா என்பதைப் பயனரே ஒரு விசையால் தெரிவிக்க வேண்டியிருந்தது. வெளியீட்டுக்கு முன்பே அந்த விசை நீக்கப்பட்டது. வடிகட்டியில் எந்தச் செயற்கூறு எழுதப்பட்டுள்ளது என்பதை நூலகமே கண்டறியும்படி மாற்றினர். பண்புகளின் வரையறை ஒரு புறமாகவும் அவற்றின் செயலாக்கம் மறுபுறமாகவும் பிரிக்கப்பட்டன. இவை வெளியாகாத இடைமுகத்தில் செய்த மாற்றங்கள் என்பதால், பழையபடியே வைத்திருக்க வேண்டிய கடமை எழவில்லை.

வெளியான இடைமுகத்துக்கோ அந்தச் சலுகை இல்லை. 'நெக்ஸ்ட்' உடனே நீக்கப்படவில்லை. 2009 செப்டம்பரில் வெளிவந்த 2.9, அதை 'விரைவில் நீங்கும்' என்று குறித்து, பழையதையும் புதியதையும் சேர்த்தே சுமந்தது. இதற்காக எழுதிய கூடுதல் நிரல் எளிதானதன்று. நவம்பரில் வந்த 3.0 பழையதைக் கைவிட்டது.

வெளியிடும் வரை இடைமுகம் எழுதியவருடையது. வெளியிட்ட பின் அது அதை நம்பி நிரல் எழுதிய அனைவருக்கும் உரியது. அவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்பது கட்டற்ற மென்பொருளில் எழுதியவருக்கே தெரியாது. ஆகவே பெயரையும் வடிவத்தையும் தயங்காமல் திருத்த ஏற்ற காலம் வெளியீட்டுக்கு முந்தைய காலமே. இன்று லூசீனில் தமிழுக்கும் ஒரு பகுப்பான் உண்டு. அதுவும் 2.9இல் அமைந்த அதே முறையின் வழியாகத்தான் சொற்களை ஒவ்வொன்றாகப் பெறுகிறது.