தகுதி பார்த்த பந்தி



முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், ஞாயிறு தவறாமல் கடைசி வரிசையில் ஒரு பாட்டி அமர்ந்திருப்பார். திருப்பலி முழுவதும் கண்மூடிச் செபிப்பார். நன்மை வாங்க மட்டும் எழுந்து வரமாட்டார். ஒருநாள் காரணம் கேட்டேன். "பாவசங்கீர்த்தனத்துல எதையாவது சொல்லாம விட்டுட்டேனோன்னு பயமா இருக்கு சாமி. தகுதியில்லாம வாங்கினா தண்டனை ஆச்சே" என்றார். 11 ஆண்டுகளாக அவரை வாட்டிய பயம் அது.

அந்தப் பாட்டிக்கு மட்டும் வந்த பயமல்ல இது. ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே இதைப் பக்தி என்று கற்பித்தார்கள்.

1640-களில் பாரிஸ் நகரில் இரண்டு சீமாட்டிகளுக்குள் ஒரு வாக்குவாதம். நன்மை வாங்கிய நாளில் நடன விருந்துக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி. கூடாது என்றார் ஒருவர். அடிக்கடி நன்மை வாங்கி வந்த மற்றவரோ, தம் ஆன்ம குருவான இயேசு சபைக் குருவின் அறிவுரையைக் காட்டினார். இந்தச் சின்னச் சண்டையில் தலையிட்ட அந்துவான் ஆர்னோ என்ற இறையியலார், 1643-இல், அடிக்கடி நன்மை வாங்குவதைப் பற்றி ஒரு தடித்த நூலையே எழுதிவிட்டார். முதலில் நீண்ட தவம், முழுமையான மனமாற்றம், அதன் பிறகே நற்கருணை என்பது அவருடைய வாதம். அவருடைய சகோதரி ஆஞ்சலிக் தலைமை ஏற்றிருந்த போர்-ரோயால் கன்னியர் மடத்தில், பயபக்தியோடு நற்கருணையைத் தள்ளிப்போடுவதே ஒரு தவமாகக் கருதப்பட்டது.

ஆர்னோவைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காலையில் பலிபீடம், மாலையில் கேளிக்கை என்று வாழ்ந்த பணக்காரர்களைப் பார்த்து அவர் கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வைத்த பூட்டு அந்தப் பணக்காரர்களைத் தடுத்ததோ இல்லையோ, எளியவர்களைத் தடுத்துவிட்டது. ஏழைகளின் தோழரான புனித வின்சென்ட் தெ பவுல் 1648-இல் எழுதிய கடிதம் ஒன்றில் இதைக் கணக்கோடு சொல்கிறார். பாரிஸின் புனித சுல்பீஸ் பங்கில் மட்டும், பாஸ்கா காலத்தில் நன்மை வாங்கியவர்களில் 3,000 பேர் குறைந்துவிட்டார்களாம். அந்த 3,000 பேரும் பாவத்தில் புரண்டவர்களா? நம் பாட்டியைப் போன்றவர்களும் அதில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் அருளைப் பற்றியே ஓயாமல் பேசியவர்கள்! இவர்களுக்கு ஜான்செனியர் என்ற பெயர் வந்ததே, ஆயர் ஜான்சென் எழுதி, அவர் இறந்தபின் 1640-இல் வெளியான நூலால்தான். புனித அகுஸ்தினாரின் அருள் பற்றிய போதனையை விளக்குவதாகச் சொன்ன அந்த நூல், அருளைச் சிலருக்கு மட்டுமே உரிய ஒன்றாகச் சுருக்கிவிட்டது. அதிலிருந்து எடுத்த ஐந்து கருத்துகளைத் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் 1653-இல் கண்டனம் செய்தார். 1709-இல் அரசர் பதினான்காம் லூயி போர்-ரோயால் மடத்துக் கன்னியரை வெளியேற்றினார். பிறகு மடமும் இடிக்கப்பட்டது. அந்த வன்முறையை என்னால் மெச்ச முடியாது. அதனால் பயமும் ஒழிந்துவிடவில்லை.

ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகும், லிசியே கார்மேல் மடத்தில் நம் சிறுமலர் தெரசா, நாள்தோறும் நன்மை வாங்க ஏங்கியும் அனுமதியில்லாமல்தான் வாழ்ந்தார். 1891-92 குளிர்காலத்தில் கொள்ளைக் காய்ச்சல் மடத்தைத் தாக்கி, சகோதரிகள் சிலர் இறந்துபோனார்கள். அந்தத் துன்ப நாள்களில்தான் அவருடைய ஆசை நிறைவேறியது.

கதவைத் திறந்தவர் திருத்தந்தை பத்தாம் பயஸ். தொம்போலோ, சல்சானோ என்ற சிற்றூர்களில் 17 ஆண்டுகள் பங்குப் பணி செய்தவர் அவர். மக்கள் எங்கே தயங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் காலத்தில் 1905 டிசம்பர் 20 அன்று வந்த ஆணை, அன்றாட நற்கருணைக்கு இரண்டே நிபந்தனைகளை வைத்தது: சாவான பாவம் இல்லாத அருள்நிலை, நேர்மையான நோக்கம். சாவான பாவம் உண்டென்று தெரிந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம் வேண்டும், அதில் மாற்றமில்லை. மற்றக் குறைபாடுகளோ தடையல்ல. அவற்றுக்கு நற்கருணையே மருந்து. ஆண்டவர் இதைத் தந்தது நம் நற்பண்புக்குப் பரிசாக அல்ல என்பதை அந்த ஆணை தெளிவாக்கியது. 1910-இல் இன்னோர் ஆணை. 10, 12, 14 வயதுவரை காக்கவைக்கப்பட்ட பிள்ளைகள், ஏறக்குறைய 7 வயதிலேயே புதுநன்மை வாங்கலாம் என்றாயிற்று.

அந்தப் பாட்டியிடம் இவ்வளவு வரலாறும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "நன்மை வாங்கப் போகும் முன்னாடி எல்லாரும் சேர்ந்து என்ன சொல்றோம், பாட்டி?" கொஞ்சம் யோசித்தார். "தகுதி இல்லைன்னு சொல்றோம் சாமி." "சொல்லிட்டு என்ன செய்றோம்?"

அவர் பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அவருடைய பேரனுக்குப் புதுநன்மை. அன்று அந்தச் சிறுவனுக்குப் பின்னால், அவன் தோளைப் பிடித்தபடி அவரும் வரிசையில் வந்தார்.